துண்டு போட்ட நாற்காலிகள்

ஊரெல்லாம் நோய் பரவி, நாடக மன்றங்களை மூடச் சொன்ன காலம் அது, கண்ணுகளா. மூடிக் கிடக்கும் மன்றங்களுக்கு அரசு நிவாரணம் தருவதாக அறிவித்தது. அந்தப் பணம் வந்தால்தான் மழைக்கு முன் ஒழுகும் கூரையை மாற்றலாம் என்று, மன்றத்தைக் கவனித்துவந்த பவுனம்மாள் காத்திருந்தாள். பார்வையிட வந்த அதிகாரி தணிகைவேல், காலி அரங்கைப் படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கியவர், அப்படியே நின்றுவிட்டார். நாற்காலிக்கு நாற்காலி துண்டு கிடந்தது.

"என்னம்மா இது?"

"இடம் பிடிச்சு வெச்சிருக்காங்க சார். தொறக்கிற அன்னிக்குத் தன் இடம் போயிடக் கூடாதுன்னு ஆளாளுக்குக் குடுத்தனுப்பிட்டாங்க."

"எல்லாத்தையும் எடுங்க. காலியாத் தெரிஞ்சாத்தான் பணம் வரும்."

"அடுத்தவங்க துண்டை எடுத்தா அடிதடி ஆயிடும் சார். பஸ்ல பாத்ததில்லையா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாத் துண்டிலும் தூசி படிந்திருக்க, முன்வரிசையில் ஒன்று மட்டும் வெள்ளையாக, மடிப்புக் கலையாமல் இருந்தது. "இது மட்டும் எப்படிப் புதுசா இருக்கு?"

"அது அந்தோணி கொத்தனாருது. நோயில போயிட்டாரு. அவரு சம்சாரம் வாராவாரம் துவைச்சுக் கொண்டாந்து போடுது." பவுனம்மாள் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். "வேணும்னா நீங்களே எடுத்துடுங்க சார். எனக்குக் கை வரல."

தணிகைவேல் அந்தத் துண்டருகே போனார்.

"பக்கத்து நாற்காலி யாருது?"

"யாருதும் இல்ல சார். ஆணி குத்தும்."

அவர் தன் கைக்குட்டையை எடுத்து உதறி, அந்த நாற்காலியில் விரித்தார். பிறகு படம் எடுத்தார்.