சமையலறை முறை

"ஏம்ப்பா டோர்கெல், இந்த முறையும் உன் எச்சில் கோப்பையை நான்தான் கழுவணுமா?"

குன்வோர் இப்படிக் கேட்டதும் காப்பி மேசையில் பேச்சு நின்றுவிட்டது.

நார்ஷெப்பிங் நகரத்து அந்த வரைபட அலுவலகத்தில் கோப்பை கழுவுவது வாரத்துக்கு இருவர் பொறுப்பு. மேலாளருக்கும் அதிலிருந்து விலக்கில்லை. டோர்கெலுக்கு மட்டும் உண்டு. பிறவியிலேயே வலக்கை நடுங்கும் அவனுக்காக, அவன் சேர்ந்த அன்றே எல்லோரிடமும் பேசி அதை வாங்கித் தந்தவள் ஈங்கெலா.

"கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க குன்வோர்," என்றாள் ஈங்கெலா.

"யோசிச்சுத்தான் பேசறேன். பட்டியல்ல அவனுக்கு ஜோடி நான். பன்னு ரெண்டு உள்ள போகுதில்ல? கழுவவும் வரட்டும்."

டோர்கெல் எழுந்து அவள் பின்னால் சமையலறைக்குள் போனான்.

"போச்சு. இனிமே வீட்டுலேர்ந்தே வேலை பாக்கறேன்னு டோர்கெல் நேத்துதான் மேலாளர்கிட்ட கேட்டிருக்கார். எல்லாம் இந்தம்மா நாக்கால வந்தது," என்று பொருமினாள் ஈங்கெலா.

"என்னையும்தான் போன வாரம் சோம்பேறின்னுது," என்றான் பக்கத்திலிருந்த ஸ்டெல்லன், காப்பியை உறிஞ்சியபடி.

உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. ஈங்கெலா பதறி எழுந்து கதவருகே போனாள்.

"உடைச்சிட்டியா? நல்லதாப் போச்சு, அது மேலாளரோடது. கூட்டி அள்ளு."

தொடர்ந்து ஒரு சிரிப்பு. யாருடையது என்று ஈங்கெலாவுக்கு உடனே விளங்கவில்லை. டோர்கெல் வாய்விட்டுச் சிரித்து அவள் இதுவரை கேட்டதில்லை.

"வீட்டோட இருக்கப் போறியாமே?"

"இங்க வந்து மட்டும் யார்கூடப் பேசறேன் குன்வோர்? எல்லாரும் மரியாதையா நாற்காலி இழுத்துப் போடறாங்க. உக்காந்துட்டு எழுந்து போறேன்."

"மேசையில மழையும் பனியும்தான் பேசுவாங்க. ஊர் வம்பெல்லாம் இந்தக் குழாயடியிலதான். நாளைக்கும் வந்து சேரு."

"வரேன். நீங்க திட்டாம இருந்தா."

"அதுக்கு வேற ஆளைப் பாரு."

மறுபடியும் சிரிப்பு. ஈங்கெலாவின் முகம் சுட்டது. நல்லது என்று நினைத்து, அவனை எங்கே உட்கார்த்திவிட்டோம்! ஒரு முடிவுக்கு வந்தவளாய், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"நானும் தொடைக்கட்டுமா, டோர்கெல்?"

சிரிப்பு நின்றது. நுரை படிந்திருந்த வலக்கையை, ஈரம் சொட்டச் சொட்ட, டோர்கெல் அவசரமாகக் கால்சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டான்.