எலாஸ்டிக் டை

ஆறரைக்கு எழுந்து பால் காய்ச்சினான். டிபன் பாக்ஸ் கட்டினான். மகளை உட்கார வைத்து இரட்டைச் சடை பின்னினான். மனைவி இறந்த மூன்று வருடமாக இதே வேலை, இதே வரிசை.

பள்ளி வேன் நிற்கும் இடத்துக்கு வந்தபோது ஒரு சடை அவிழ்ந்து தொங்கியது.

"இன்னைக்கும் அவுந்துபோச்சா? இங்க வாடி." அங்கே மகனோடு நின்றிருந்த, அவனைத் தனியாக வளர்க்கும் பெண் சடையைப் பின்ன ஆரம்பித்தாள். "நீங்க இவன் டையைக் கட்டிவிடுங்க. எனக்கு அது சுட்டுப்போட்டாலும் வராது."

ஆறு மாதமாக இந்தப் பண்டமாற்று. அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் அவனுக்குப் பொழுதே விடிந்தது.

"திங்கக்கிழமையிலேருந்து எல்லாருக்கும் எலாஸ்டிக் டை, அங்கிள். மாட்டினா போதும்" என்றான் பையன்.

டை முடிச்சை இறுக்கிக்கொண்டே அவன் யோசித்தான். பதிலுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் இனி எந்த முகத்தோடு சடையை நீட்டுவது?

மதியம் மகளுக்கு எலாஸ்டிக் டை வாங்கச் சீருடைக் கடைக்குப் போனான். மேஜை நிறைய டைகள். கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அந்தப் பையனின் அம்மாவேதான்! ஏதோ கடையில் வேலை என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

அவள் முடிச்சுப் போட்ட டை ஒன்றை அவன் எடுத்துப் பார்த்தான். "சுட்டுப்போட்டாலும் வராதுன்னீங்க?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் விடவில்லை. "தெருமுனை திரும்பினதும் தினமும் சடையை அவுத்து விடறது யாராம்? உங்க பொண்ணு என்னைக்கோ போட்டுக் கொடுத்துட்டா."

அவன் சிரித்துவிட்டான். எலாஸ்டிக் டையைக் கையில் கொடுத்தபடி அவள்தான் சொன்னாள்:

"திங்கக்கிழமை சடையை அவுக்காம கூட்டிட்டு வாங்க. அந்த அஞ்சு நிமிஷம் நாம பேசலாம்."