ஏழாவது ரேகை

மண்டல ஆலோசனைக் குழுவில் ஏழு பேர். மருத்துவர், மருந்தாளர், உணவியலாளர் என்று ஆளுக்கொரு தொழில். ஏழு பேரும் கைரேகை வைக்காமல் எந்த நோயாளிக்கும் எதையும் மாற்ற முடியாது. அதில் செவிலியர் எஸ்தர்.

அவள் கணவர் அருளானந்தத்துக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து விழுங்குவது சிரமம். தண்ணீரைக்கூடக் கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்பது குழுவின் உத்தரவு.

"ஒரே ஒரு வாய் காபி குடு எஸ்தர். கூழாக்காம குடு" என்று அவர் குழறிக் கேட்டார்.

மனு போட்டாள். இரண்டே நாளில் ஆறு ரேகைகள் விழுந்தன. ஏழாவது அவளுடையது. சொந்தக்காரர் கோப்பில் உறுப்பினர் கைவைக்கக் கூடாது.

"பக்கத்து மண்டலத்துலேருந்து வேற நர்ஸ் வரணும்க்கா. எழுதிப் போட்டிருக்கேன்" என்றார் மருந்தாளர் கபீர்.

அன்றும் எஸ்தர் நாற்பது பேருடைய காபிக்கும் மோருக்கும் ரேகை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். பார்க்க யாருமில்லை. இருந்தும் கணவருக்குக் கூழ்தான் ஊட்டினாள். பதினெட்டு வருடமாக மற்றவர்களுக்கு அவளே சொல்லிவந்த விதி.

அவரை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள் காபிக்கு அனுமதி வந்தது. இறந்ததைப் பதியவும் ஏழு ரேகை வேண்டும். அதிலும் ஆறுதான் விழுந்திருந்தது. குழுவின் கோப்பில் அவர் இன்னும் உயிரோடிருந்தார்.

எஸ்தர் காபி போட்டு, காலிக் கட்டிலருகே வைத்தாள். ஆறி ஆடை படிந்ததும், அனுமதியோடு வந்த படிவத்தைத் திறந்தாள்.

'குடித்தபோது இருமினாரா?'

'இல்லை' என்று குறித்தாள்.