நாற்பது அடி

மெஷின்காரர் செய்து வைத்திருந்த வேலையைப் பார்த்ததும் ஓவர்சியருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

கான்கிரீட் தெரு முழுக்க அரைத்து வழுவழுவென்று கிடந்தது. நடுவில் ஒரு நாற்பது அடி மட்டும் பழைய சொரசொரப்போடு அப்படியே இருந்தது. அதுவும் எந்த இடத்தில்? மனு அம்மாவின் ஜன்னலுக்கு நேர் கீழே.

மனு அம்மா என்பது அலுவலகம் வைத்த பெயர். கான்கிரீட் போட்ட அன்று, வண்டி வழுக்காமல் இருக்கக் குறுக்கே கோடு கிழிக்கிற கம்பிச் சீப்பை யாரோ ஒரு புண்ணியவான் ஆழமாக அழுத்திவிட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு டயரும் அந்த ஒருவழித் தெருவில் ஊளையிட்டுக்கொண்டுதான் போனது. மாடியில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவரோடு கண் மூட முடியாமல் தவித்த அந்த அம்மா, ஒன்றரை வருடத்தில் ஒன்பது மனு கொடுத்துவிட்டார்.

ரோட்டைப் பெயர்த்துப் புதிதாகப் போடப் பணமில்லை என்று மேலிடம் கையை விரித்தது. வைரப் பல் வைத்த மெஷினை வாடகைக்கு எடுத்து மேல்தோலை மட்டும் சீவிவிட்டால் பத்தில் ஒரு பங்கு செலவோடு போய்விடும் என்று யோசனை சொன்னவர் நம் ஓவர்சியர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. சாயங்காலம் அந்த மெஷின் லாரி ஏறிவிடும். அதற்குள் வேலை முடிந்ததாக அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"என்னய்யா இது? மொத நாள் அந்தம்மா உன்னைச் சத்தம் போட்டாங்கன்னு பழி வாங்குறியா?"

மெஷின்காரர் இல்லையென்று தலையை ஆட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு வீடு தள்ளிப் பூட்டாமல் சாத்தியிருந்த ஒரு கதவைக் காட்டினார்.

அங்கே நாற்காலி பின்னுகிறவர் ஒருவர் தனியாக இருக்கிறார். இரண்டு கண்ணும் தெரியாது. எதிர்ப்பக்கத்துப் பட்டறைக்குத் தினமும் யார் துணையும் இல்லாமல் ரோட்டைக் கடந்து போகிறவர். ஊளைச் சத்தம் கேட்டால் நிற்பார், கேட்காவிட்டால் நடப்பார்.

"நேத்து வண்டி வர்ற பக்கத்துல இந்த நாப்பது அடிதான் பாக்கி சார், அதுலயும் அரைச்ச சேறு அப்பிச் சத்தமே வராம இருந்துச்சு. அவர் நின்னு கேட்டுட்டுத்தான் காலை எடுத்து வெச்சார். ஒரு கார் உரசிக்கிட்டு நின்னுச்சு. இன்ஜின் சத்தமே இல்லாத கார். டயர் சத்தம் ஒண்ணுதான் இருந்துச்சு, அதையும் நான் அரைச்சுத் தள்ளிட்டேன்."

"அவர் உன்கிட்ட வந்து கேட்டாரா?"

"ஒண்ணும் கேக்கல. தடியால ரோட்டைத் தடவிப் பாத்தார். 'வேலை நல்லா வந்திருக்கு தம்பி'ன்னு சொன்னார். திரும்பி வீட்டுக்குள்ள போயிட்டார். இன்னிக்கு வெளியவே வரல. அவர்கிட்ட வர்ற எந்த வண்டியும் இந்த நாப்பது அடியைத் தாண்டித்தான் வரணும், அதான் சேத்தைக் கழுவிட்டு இதை விட்டு வெச்சேன்."

ஓவர்சியருக்கு மெஷின்காரரைப் பற்றித் தான் நினைத்ததை எண்ணி வெட்கமாக இருந்தது. ஆனால் இரக்கப்பட்டு என்ன பயன்? ஒன்பதாவது மனு மேலிடத்தின் மேஜை வரைக்கும் போயிருந்தது. பத்தாவது போனால் அவர் வேலைக்கே உலை.

"அந்தம்மா கால்ல விழுந்தாவது கேட்டுப் பாக்குறேன். ஒத்துக்கலைன்னா அரைச்சுட்டுத்தான் நீ போகணும், சொல்லிட்டேன்."

மாடிப்படி ஏறும்போதே, இந்த அம்மா எங்கே ஒத்துக்கொள்ளப் போகிறார் என்று தோன்றிவிட்டது. அடுத்தவர் கஷ்டம் தெரிகிறவராக இருந்தால் ஒன்பது மனு எழுதியிருப்பாரா?

மனு அம்மா கதவைத் திறந்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம். உள்ளே கட்டிலில் கணவர் முனகிக்கொண்டிருந்தார். ஓவர்சியர் வாயைத் திறப்பதற்குள் நான்காக மடித்த ஒரு காகிதத்தை நீட்டினார்.

"பத்தாவது மனு. இவரைத் தனியா விட்டுட்டு உங்க ஆபீசுக்குக் கிளம்ப முடியல. படிச்சுட்டுப் பேசுங்க."

கீழே ஒரு வண்டி அந்த நாற்பது அடியை ஊளையிட்டுக் கடந்தது. கட்டிலில் இருந்தவர் திடுக்கிட்டுக் கண் விழித்தார். அந்த அம்மா ஓடிப்போய் அவர் நெஞ்சைத் தடவிவிட்டார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபடி ஓவர்சியர் காகிதத்தைப் பிரித்தார். நேற்றைய தேதி போட்டிருந்தது.

'ஐயா, என் ஜன்னலுக்குக் கீழே மட்டும் ரோட்டை அரைக்காமல் விடவும். இரண்டு வீடு தள்ளி இருப்பவருக்கு அந்தச் சத்தம் வேண்டும். நாங்கள் பழகிக்கொள்கிறோம்.'