வெளியாள் போணி

முதல் நாள், காலை ஆறு மணிக்குக் கடை திறந்த ஜெயப்ரியாவுக்கு எட்டு மணியாகியும் போணி ஆகவில்லை.

நான்கு சவுக்குக் கம்பம், மேலே தகரம், ஒரு காம்பிரசர், ஒரு தண்ணீர்த் தொட்டி. உப்பளத்து மண்பாதை வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறுகிற திருப்பம். பாண்டிச்சேரியில் ஒரு டயர் கடையில் ஆறு வருஷம் சம்பளத்துக்கு இருந்தவள், போன மாதம் அதை உதறிவிட்டு வந்து, ‘ஜெயப்ரியா பஞ்சர் கடை’ என்று பலகை மாட்டியிருந்தாள்.

ஒரே ஒருத்தன் மட்டும் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“கடைக்காரர் இல்லியா?”

“நான்தாங்க.”

அவளை ஒரு தரம் பார்த்தான். அடுத்த பஞ்சர் கடை அனுமந்தையில்தான் என்று தெரிந்தும், வெயிலில் தள்ளிக்கொண்டே போனான்.

அப்பா சடையப்பன் தன் டிராக்டரில் கடையைத் தாண்டிப் போனார். நிறுத்தவில்லை. அண்ணன் சதீஷ் ஷேர் ஆட்டோவில் போனான். ஹாரன் மட்டும் அடித்தான்.

அவர்கள் மேல் அவளுக்கு வருத்தமில்லை. அந்த வீட்டுச் சட்டம் அப்படி. கொஞ்ச காலம் கூலிக்குப் போகலாம். அப்புறம் சொந்தமாக ஒன்று தொடங்கிவிட வேண்டும். தொடங்குகிறவருக்கு முதல் காசு வெளியாள் கையிலிருந்துதான் வர வேண்டும். வீட்டு ஆள் போணி பண்ணக் கூடாது.

சட்டத்தில் ரொம்பக் கறார் அம்மா விஜயலட்சுமிதான். உப்பளத்தில் இட்லி விற்கத் தொடங்கிய முதல் நாள், பசியோடு வந்து நின்ற அப்பாவைப் போணி ஆகவில்லை என்று வெறும் வயிற்றோடு அனுப்பியவள். சதீஷ் ஆட்டோ எடுத்த அன்று, அதில் ஏறாமல் மரக்காணம் வரைக்கும் நடந்தே போனவள்.

பஞ்சர் கடை என்றதும் அம்மா ஒன்றுதான் கேட்டாள், பொம்பளையிடம் எவன் வண்டியை விடுவான் என்று. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எட்டே காலுக்கு அம்மாவே வந்தாள். எக்ஸ்எல் வண்டியைத் தள்ளிக்கொண்டு. பின் டயர் தரையோடு தரையாக அமுங்கியிருந்தது. இட்லிக் குண்டான் நிறைய இட்லி.

ஜெயப்ரியாவுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது.

“போணி ஆகலைம்மா. தொட மாட்டேன்.”

“உன்ன யாரு தொடச் சொன்னது? நிழல்ல வெச்சிக்கிறேன்.”

வண்டியைத் தகரத்தடியில் நிறுத்தினாள். போனை எடுத்து உப்பளத்துக்குப் பேசினாள்.

“வண்டி பஞ்சருப்பா, திருப்பத்துலயே நிக்கிறேன். சாப்பிடறதுன்னா இங்க வாங்க.”

பத்து நிமிஷத்தில் ஆட்கள் வந்தார்கள். மண்வெட்டியோடு நாலு பேர், பைக்கில் ரெண்டு பேர். கூட்டத்தைப் பார்த்து ஒரு லாரி நின்றது. உப்பு மூட்டை ஏற்றிய குட்டியானை ஒன்றும் ஓரங்கட்டியது. கடைக்கு முன்னால் நிற்க இடமில்லை.

குட்டியானை டிரைவர் கூனிமேட்டுக்காரர். நாலு இட்லி முடித்து ஐந்தாவதைப் பிட்டபோதுதான் பலகையைப் படித்தார்.

“ஏம்மா, என் ஸ்டெப்னி ஒரு வாரமா காத்தில்லாம கெடக்குது. ஒட்டிடுவியா?”

ஜெயப்ரியா போய் ஸ்டெப்னியை இறக்கி உருட்டிக்கொண்டு வந்தாள். லீவர் கம்பியைக் கொடுத்து ஒரு நெம்பு. டயர் வாய் திறந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கை தட்டிலேயே நின்றது. கண்ணாடித் துண்டைப் பிடுங்கி, ஒட்டி, காற்றடித்து, பழையபடி வண்டியில் மாட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

டிரைவர் கொடுத்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பைக்கில் வந்திருந்த ஒருத்தர், தட்டைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கும் முன் டயர் கொஞ்சம் பாரும்மா” என்றார். லாரிக்காரர் காற்றுப் பிடிக்க வேண்டும் என்றார்.

எல்லாரும் போனபோது மணி பத்தாகியிருந்தது. குண்டானும் காலி.

இனி வீட்டு வண்டியைத் தொடலாம். அம்மா சாலையைப் பார்த்தபடி தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஜெயப்ரியா எக்ஸ்எல்லின் பின் டயரைக் கழற்றினாள். ட்யூபை உருவி, காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கினாள்.

குமிழி வரவில்லை.

இன்னொரு சுற்று, மெதுவாக, விரல் விரலாக நகர்த்தி அமுக்கிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட இல்லை. ட்யூபில் ஒரு கீறல் கிடையாது.

தலையைத் தூக்கி அம்மாவின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ட்யூபை அப்படியே உள்ளே வைத்து, டயரைப் பூட்டிக் காற்றை நிரப்பினாள்.

“இன்னா, ஒட்டிட்டியா?” என்றாள் அம்மா, திரும்பாமலே.

“பெரிய ஆணிம்மா. ரெண்டு எடத்துல ஒட்டியிருக்கேன்.”

கறிவேப்பிலைக் கொத்துக்கே கால் மணி நேரம் பேரம் பேசுகிற விஜயலட்சுமி, ரெண்டு பஞ்சருக்கும் உண்டான காசை, மறுபேச்சில்லாமல் எடுத்து நீட்டினாள்.