வெளுத்துப்போன பச்சை

"சாயம் போட்ட நத்தையை எங்க தலையில கட்டிட்டீங்க."

தம்பி போட்ட சத்தத்தில் வண்ணமீன் கடையே திரும்பிப் பார்த்தது. அவன் கொண்டுவந்த குடுவைக்குள், அக்கா ஆசையாக வளர்க்கும் ஓடில்லாத கடல்நத்தை கிடந்தது. இலைப் பச்சையாக இருந்த அது, இப்போது கஞ்சித் தண்ணீர்போல வெளுத்திருந்தது.

நாற்காலியில் சோர்ந்து உட்கார்ந்திருந்த அக்கா, "விடுடா," என்றாள்.

"நீ பேசாம இரு, அக்கா. மூணு வாரமா நான்தானே இதைக் கண்ணும் கருத்துமா பாத்துக்கிட்டேன்."

கடைக்காரர் குடுவையைத் தூக்கிப் பார்த்தார். "சாயமெல்லாம் இல்ல சார். இது தின்கிற பாசியோட பச்சைதான் உடம்புல தெரியும். இது பட்டினி கிடந்து ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கும்."

அக்கா கொடுத்துவிட்டுப் போன பாசிப் பொட்டலம் பிரிக்காமலே கிடப்பது தம்பிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குடுவையை வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

கடைப்படி இறங்கும்போது அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரில தனியா கிடந்தப்ப, 'நத்தைக்குத் தீனி வைக்கணும், அதான் வர முடியலக்கா'ன்னு தினமும் போன்ல சொல்வியே... பக்கத்துக் கட்டில்காரங்ககிட்ட அதைப் பெருமையா சொல்லிக்கிட்டிருந்தேன்டா."

அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.