கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

விடிந்ததும் விடியாததுமாகச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார் அவர்.

ஒன்பது மணிக்கு விசா நேர்காணல். இந்தத் தடவை எதுவும் பிசகக்கூடாது. அதற்குள் கடைசியாக ஓர் ஒத்திகை பார்த்தே தீர வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

மேசைக்கு அந்தப் பக்கம் மகள் அதிகாரியாக உட்கார்ந்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிரிக்காதம்மா. உர்ருன்னு இரு. அவங்கல்லாம் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாங்க."

இளவயதில் மூன்று முறை வெளிநாட்டுத் தூதரகத்தில் அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று, மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பியவர். இந்த விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மனைவி சிரித்துக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். வேண்டாம் என்று தள்ளிவிட்டார். அங்கே யார் உட்காரச் சொல்கிறார்களாம்? காகிதக் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டார். உள்ளே பழைய மின்கட்டண ரசீதுகள்தான்.

என்ன வேலை, எத்தனை நாள், யார் செலவு என்று மகள் கேட்டுக்கொண்டே போனாள். பதில்கள் கடகடவென்று வந்தன. அடுத்து அந்தக் கேள்வியைக் கேள் என்று கண்ணால் சாடை காட்டினார்.

"வேலை முடிஞ்சதும் உங்க நாட்டுக்கே திரும்பிப் போயிடுவீங்கன்னு என்ன நிச்சயம்?"

விறைத்து நிமிர்ந்து நின்றார்.

பிறகு, ஊரில் அம்மா தனியாக இருக்கிறாள், கட்டாயம் திரும்பிவிடுவேன் என்றார்.

அவருடைய அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடங்களாகிவிட்டன.

மனைவியின் சிரிப்பு நின்றது.

மகள் அவரையே பார்த்தாள். சட்டென்று முஷ்டியை ஓங்கி மேசையில் ஒரு குத்து. முத்திரை விழுந்துவிட்டது. அவர் கைதட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார். மனைவிக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு.

நேரமாகிவிட்டது. மகள் எழுந்து புத்தம்புது அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். விசா அதிகாரி, குடிவரவுத் துறை.

வேலையில் முதல் நாள். அலுவலக வாசலில் இந்நேரம் வெள்ளைக்காரர்கள் நம் நாட்டு விசாவுக்கு வரிசை கட்டியிருப்பார்கள், கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு.

முதலில் வருகிறவனிடமே அந்தக் கேள்வியைத் தலைநிமிராமல் கேட்டுவிட வேண்டும் என்பது ஒரு வாரமாக அவர் மகளுக்குக் கொடுத்துவந்த பாடம்.

மகள் வண்டியைக் கிளப்பியபோது, கோப்பும் கையுமாகத் தெருவரை ஓடிவந்தார்.

"எதை வேணும்னாலும் கேளும்மா. முதல்ல உட்காரச் சொல்லு."